கண்டி அரண்மனையில் நீங்கள் சொன்ன காரணம்

1. திண்டுக்கல் நாகல் நகரில் வசிப்பவனும், வழக்கறிஞர் தொழில் செய்பவனும், தங்களின் ஒரே மகனுமாகிய நான், தெளிந்த மனநிலையில், எவருடைய தூண்டுதலும் இன்றி, இதைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

அப்பா,

இன்று காலை நம் அடுப்படியில் இலங்கைத் தேயிலை கொதிக்கும் மணம். உங்கள் அக்கா மகள் லூர்துமேரியும் அவள் கணவர் அந்தோணியும் கொண்டுவந்தது. இலங்கையிலிருந்து வேளாங்கண்ணிக்கு வந்தவர்கள், உங்கள் கல்லறையைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று நேற்று இங்கு வந்து சேர்ந்தார்கள்.

நாம் கண்டிக்குப் போனது போர் நிறுத்தம் நடப்பில் இருந்த காலம். சுற்றுலாக் குழுவில் உங்களைச் சேர்த்தவன் நான். நீங்கள் வந்ததோ அரண்மனை பார்க்க அல்ல. உங்களை இடுப்பில் தூக்கி வளர்த்த பெரியப்பா மகள், மணமாகித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், அங்கேயே அடக்கமாகியிருந்தார். "ஏலே அப்பு, அக்கா கல்லறைய ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவமா?" என்று விடுதியில் கேட்டீர்கள். பயணத் திட்டத்தில் இல்லை, பாதுகாப்புக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்றேன். இரண்டும் உண்மை. தோட்டத் தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய அந்த லயத்து அறைகளில் ஓர் இரவு தங்க எனக்கு விருப்பமில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. நீங்கள் மறுபடி கேட்கவில்லை.

ஆகவே அக்காவின் மகள் லூர்துமேரியும் அந்தோணியும் மலையிலிருந்து இறங்கி அரண்மனைக்கே வந்தார்கள். "கடைசி ராசாவும் மதுரைப் பக்கத்து ஆளுதானாம் மாமா. அவருக்கு அரண்மனை, நமக்கு லயம்" என்றார் அந்தோணி.

"அவரக் கடேசியில வெள்ளக்காரக வேலூர்ச் செயிலுக்குல்ல அனுப்பிட்டாக. நீங்க இருக்கீகளே மாப்ள" என்றீர்கள். காவலாளி திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

அப்போதுதான் லூர்துமேரி, "புதுப்பாய் வாங்கி வச்சிருக்கேன் மாமா. ஒரு ராத்திரி தங்குங்க, விடிஞ்சதும் அம்மாகிட்டப் போவோம்" என்றாள்.

"முட்டி வலி தாயி, மலை ஏற ஏலாது. கூட்டிட்டுப் போறேன்னுதான் இவன் சொன்னான்."

சித்தையன்கோட்டையிலிருந்து செம்பட்டி வரை காய்கறி மூட்டையோடு சைக்கிள் மிதித்த முழங்கால் அது. நான் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இன்று பிற்பகல் சித்தையன்கோட்டையில் உங்கள் கல்லறையருகே ஜெபம் முடிந்ததும் அவளிடம் சொன்னேன்: "அப்பாவுக்கு முழங்கால் வலியே கிடையாது. வரமாட்டேன் என்றது நான்."

மெழுகுதிரியைக் காற்றுக்கு மறைத்தபடியே, "தெரியும் அத்தான்" என்றாள். "அரண்மனைப் படியில எங்களுக்கு முன்னால ஏறுனவருக்கா முட்டி வலி? இவரு பஸ்சுல அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நான்தான் வாய மூடுங்கன்னேன்."

"அன்றே கேட்டிருக்கலாமே?"

"மகனுக்காக மாமா அவ்வளவு பாடுபடுறாரு. கேட்டா அவரு மொகம் என்னத்துக்கு ஆகும்?"

அப்பா, அந்த முற்றத்தில் நால்வருமே உண்மையை அறிந்திருந்தோம். என் பொருட்டு மூவர் அதை மறைத்தீர்கள். நான் திருத்திச் சொல்ல ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. உங்கள் அக்காவின் கல்லறையைப் பார்க்கும் வாய்ப்பை இழந்த நாளில், என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனீர்கள். அது எனக்கு உரியதன்று. திருப்பித் தரவும் வழியில்லை, வைத்திருக்கிறேன்.

இதை இருவருக்கும் படித்துக் காட்டி, சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன். "மாமாவுக்குத்தானே, குடுங்க" என்று லூர்துமேரி பேனாவை வாங்கிக்கொண்டாள்.

(ஒப்பம்)
ம. இருதயராஜ்

சாட்சிகள்:
1. லூர்துமேரி
2. அந்தோணி