சுறா எண்ணெய் பூசிய ரேடியோ

நைனா,

இன்று காலை வகுப்பில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகச் சுறா எண்ணெய் வாடை வந்தது. திருவொற்றியூர்க் கரையில் யாரோ கட்டுமரத்துக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் கரைப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு அது ஒரு வாடையாகவே தெரியவில்லை. எனக்கு உன் காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது. அப்புறம் அந்தக் கார் ரேடியோ.

உன்னை மூலக்கொத்தளம் மயானத்தில் விட்டுவிட்டு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்குப் படிக்கத் தெரியாது, எது எழுதினாலும் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். இதையும் எழுதி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பேன்.

நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ராயபுரத்து வீட்டில் சும்மா இருந்த சமயம் அது. நம் தெருவில் காலேஜுக்குப் போய் வந்த முதல் ஆள் நான். ஆனால் கடையில் நின்று உப்பு கேட்கக்கூட எனக்கு வாய் வராது. அம்மா போன்ற மீன்காரப் பெண்கள் விடியலில் கூடை சுமந்து போகும் வழியைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை, என் பேராசிரியை வானொலி நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். மாதர் நிகழ்ச்சியில் நேரில் வந்து படிக்கும்படி பதில் வந்தது. வர இயலாது என்று எழுதப்போவதாக உன்னிடம் சொன்னேன்.

"இன்னாத்துக்கு?"

"பயமா இருக்கு நைனா. நம்ம வூட்ல ரேடியோ கூட இல்ல. யார் கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன். வண்டில கீதே."

"அதான் செத்துக் கெடக்கே."

"அது பாடுச்சுன்னா போறியா?"

சரி என்றேன். அது பாடாது என்ற தைரியம்தான்.

நீ ஓட்டிய கார் உன் முதலாளியுடையது. துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்றும் ஏஜென்ட் அவர். ஆசையாக ரேடியோ வாங்கிக் காரில் மாட்டினார். மழைக்காலம் முடிவதற்குள் அது ஊமையாகிவிட்டது. ரயில்வே கேட்டில் வண்டி தூக்கிப்போடும்போது மட்டும் சில சமயம் ஒரு முனகல் கேட்குமாம். கழற்றிப் போட்டுவிடு என்று அவர் சொல்லிவிட்டார். பழுது பார்க்க நீ ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவகாசம் கேட்டாய். "பாடுச்சுன்னா உன் பொண்ணு பேசுறதை நீயே கேட்டுக்கோ" என்று சிரித்தாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி நம் வாசல் பூவரச மரத்தடியில் நின்றது. நீ கதவைத் திறந்துவைத்து, ஸீட்டில் மல்லாந்து, தலையை ரேடியோவுக்கு அடியில் கொடுத்துக் கிடந்தாய். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுச் சவரி அண்ணன் மாதா கோயிலிலிருந்து திரும்பி வந்து, வெள்ளைச் சட்டை கசங்காமல் சுவரோரம் நின்றார்.

"இன்னா மாமு, கோயில்ல பூசையே முடிஞ்சிப்போச்சி, நீ இன்னும் வண்டிக்குள்ள படுத்துகினு கீறே?"

"ஃபியூஸ் நல்லா கீது. பேட்டரி நல்லா கீது. ஹார்ன் அடிக்குது பாரு."

"அப்ப ஹார்ன்லயே பாட்டு கேளு."

நீ பழைய பின்விளக்கு பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டியிருந்தாய். ஒரு முனையை ரேடியோவுக்கு வரும் கம்பியில் வைத்து, மறு முனையைக் கார்க் கதவின் இரும்பில் தொட்டாய். பல்பு எரிந்தது. "கரண்ட்டு வருது, செட்டு தான் அவுட்டு" என்றாய். பிறகு கை தவறியோ என்னவோ, மறு முனை ரேடியோப் பெட்டியின் தகட்டில் பட்டது. பல்பு எரியவில்லை. நீ அதைப் பார்க்கவில்லை. சவரி அண்ணனும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். மின்சாரத்துக்குப் போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேண்டும். காரில் போவதற்குத்தான் கம்பி. திரும்புவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. ரேடியோப் பெட்டியை அந்த உடம்போடு சேர்த்துப் பிடிப்பவை நாலு போல்ட்டுகள். குனிந்து பார்த்தேன். நாலும் கறுப்பாக, மினுமினுவென்று இருந்தன. அந்த வாடையும் வந்தது.

நீ எழுந்து உட்கார்ந்து துணியில் கையைத் துடைத்தாய். "பூட்ச்சு. வுடு" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாய். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மறுநாளே நிலையத்துக்கு எழுதிப் போட்டுவிடலாம். நீ துணியை மடித்தாய். எப்போதும் உருட்டி எறிகிறவன், அன்றைக்கு நாலாக மடித்தாய்.

"நைனா, அந்த போல்ட்டுக்கு இன்னா பூசினே?"

"தாரு மாதிரி கீலும், சுறா எண்ணெயும். மழைக்கு முன்ன எல்லாத்தையும் கழட்டி, பூசி மாட்டினேன். ஏரியல் அடியிலயும்தான். உப்புக் காத்து கண்ணு, இரும்ப அப்படியே வுட முடியுமா?"

நான் பெட்டியையும் பல்பையும் காட்டி, அந்தப் பூச்சு கரண்ட்டு திரும்பும் வழியை அடைத்துவிட்டது என்று சொன்னதும் சவரி அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட மாமு! ரேடியோவ கட்டுமரம்னு நெனச்சுகினியா! தண்ணியும் பூராது, கரண்ட்டும் பூராது!"

"சும்மா கெட சவரி" என்றாய். உன் அப்பா கடலுக்குப் போனவர், உன் அண்ணன்மார் போகிறவர்கள். நீ கரையேறி ஸ்டியரிங் பிடித்தாலும், இரும்பைக் கண்டால் உன் கை எண்ணெயைத் தேடும். போல்ட்டுகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்தோம். எனக்கு இரண்டு, உனக்கு இரண்டு. மாட்டி முடுக்கிக் குமிழைத் திருப்பியதும் உள்ளே வண்டு மாதிரி ஒரு இரைச்சல். கொஞ்சம் பொறுத்து, நாகஸ்வரம்.

நீ ரேடியோவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். "போறே" என்றாய்.

போனேன். அறைக்கதவைச் சாத்தினார்கள், சிவப்பு விளக்கு எரிந்தது, கையில் தாள் இருந்தது, குரல் மட்டும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். எப்படியோ முதல் வரி வெளியே வந்தது. பிறகு படித்து முடித்ததே தெரியவில்லை.

சாயங்காலம் நீ சொன்னாய். துறைமுக வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தாயாம். அம்மா மீன்கூடையைத் தூரத்தில் வைத்துவிட்டு, உள்ளே உட்கார மாட்டேன் என்று ஜன்னலோரம் நின்றாளாம். வேறு டிரைவர்களும் கூடிவிட்டார்களாம்.

"உன் பேரு சொன்னாங்க. அப்பறம் சத்தமே இல்ல. மறுபடியும் பூட்ச்சுன்னு நெனச்சு குமிழத் திருகப் போனேன். உங்கம்மா 'தட்டுய்யா, தட்டு'ன்றா. அப்ப உன் மூச்சு கேட்டுச்சு. சரி, உள்ள தான் கீறா, வருவான்னு கைய எடுத்துட்டேன்."

அந்த நாலு போல்ட்டுகளைப் பூசாமல் விடுவது மட்டும் உனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. துரு ஏற ஏறச் சுரண்டிக்கொண்டே அவற்றைத் திட்டுவாய்.

இன்று வகுப்பில் அந்த வாடை வந்தபோது ஒரு பெண் எழுந்து நின்றிருந்தாள். கேள்வி கேட்டிருந்தேன். விடை அவளுக்குத் தெரியும், வாய்தான் வரவில்லை. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. "உட்கார்" என்று சொல்ல என் கை பாதி எழுந்துவிட்டது. அப்போது அவள் மூச்சை இழுத்துவிட்டது முன்மேசை வரைக்கும் கேட்டது.

கையை எடுத்துவிட்டேன், நைனா. கொஞ்ச நேரம் ஆயிற்று. விடையோடு வந்தாள்.