தாரணி வாங்காத டொயோட்டா

பிடோக்,
ஞாயிறு காலை

அன்பு மகள் தாரணிக்கு,

அம்மாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், மழை வந்தால் மட்டும் அம்மாவுக்கு முழங்கால் வலி எட்டிப் பார்க்கிறது. நியூசிலாந்தில் குளிர் குறைந்ததா, கட்டுப் பிரித்த கை எப்படி இருக்கிறது என்று எழுது. நீ சைக்கிளிலிருந்து விழுந்ததை என்னிடம் மறைத்துவிட்டாய், போன வாரம்தான் அம்மா வாய் தவறிச் சொன்னாள். போனில் கேட்டால் ஒண்ணுமில்லப்பா என்று மழுப்புவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மே மாதம் ஒரு டொயோட்டாவின் படத்தை அனுப்பி, பதினான்கு வருட வண்டி, இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டாய். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. லிட்டில் இந்தியாவில் வாங்கிய தே தாரிக் டீ ஆறிவிடுமே என்ற அவசரத்தில், பத்து வருஷம் தாண்டினா குப்பைம்மா, தொடாதே என்று அடித்து அனுப்பினேன். முப்பது வருடம் மளிகைக்கடை வேன் ஓட்டியவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீயும் விட்டுவிட்டாய். இங்கே வண்டி வைத்திருக்க அரசாங்கம் தரும் சிஓஇ உரிமம் பத்து வருடத்தில் முடிந்ததும் மூன்று வேன்களை நானே ஸ்கிராப் யார்டுக்கு ஓட்டிப்போய் விட்டிருக்கிறேன், வண்டியின் ஆயுளே அவ்வளவுதான் என்று மனதில் பதிந்துவிட்டது. நேற்று காக்கி புக்கிட் பட்டறையில் மெக்கானிக் முகைதீனிடம் இதைச் சொன்னேன். அண்ணே, சிஓஇ தானே முடிஞ்சது லா, இன்ஜினா முடிஞ்சது என்று கேட்டார். எனக்குத் தெரியாததா. மூன்று வேனும் கடைசி நாள் வரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.

அந்த டொயோட்டா இருந்திருந்தால் மழையில் விடியற்காலை ஷிப்டுக்கு நீ சைக்கிள் மிதித்திருக்க மாட்டாய். கை உடைந்திருக்காது, சேர வேண்டிய தேதி தவறி ஆபரேஷன் தியேட்டர் வேலை இன்னொருவருக்குப் போயிருக்காது. மூன்று வருடம் அதற்காகப் படித்தாய். நினைத்தால் சோறு இறங்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

இப்போது பதினாறு வருட வண்டி ஒன்றைப் பார்த்துவிட்டு மறுபடியும் என்னையே கேட்கிறாய். சர்வீஸ் செய்த ரசீதுகளைக் கேட்டுப் பார், அந்த ஊர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் அடியில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல், இன்ஜின் சூடாவதற்கு முன் நீயே ஸ்டார்ட் செய்து பார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்பா சொன்னார் என்பதற்காக இனி எதையும் விட்டுவிடாதே அம்மா.

வெள்ளிக்கிழமை உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு. நோய் நொடி இல்லாமல் நன்றாயிரு. எந்த வண்டியை வாங்கினாலும் சாவி கைக்கு வந்த பிறகு எனக்குச் சொல், போதும்.

உன் அப்பா,
வேலாயுதம்