அப்பாவின் தோள் அளவு

தஞ்சாவூர்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சேரன் அண்ணனுக்கு,

கனிமொழி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் எல்லோரும் நலம். அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும். வாட்ஸப் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பது தெரிகிறது. உன் போன் வந்தாலே அப்பா பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார். இது அவர் காதில் விழக் கூடாத விஷயம். பார்சல் எப்படியும் வருகிறது, அதற்குள் வைத்துவிட்டேன்.

பார்சலில் இருக்கும் மப்ளர் அங்கே போட. மாலை மாதிரி சும்மா தொங்கவிடாதே. ஒரு சுற்றுச் சுற்றி முனைகளைக் கோட்டுக்குள் செருகிக்கொள், நெஞ்சில் குளிர் ஏறாது. மற்றதெல்லாம் மாசியில் கல்யாணத்துக்கு வந்ததும் போட. வேட்டி பெல்ட் கொஞ்சம் அகலமாகத் தைத்திருக்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் வேட்டியைப் பிடிப்பதா தாலியைப் பிடிப்பதா என்று மாப்பிள்ளை முழிக்கக் கூடாது. கைக்குட்டை எல்லாம் பருத்தி, நம் ஊர் வேர்வைக்கு வேறெதுவும் தாங்காது. புதுச் செருப்பை அன்றைக்குத்தான் முதன்முதலில் போடுவேன் என்று அடம்பிடிக்காதே, இப்போதே வீட்டுக்குள் போட்டு நட. வந்ததும் முதல் சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், சாக்குப்போக்கு சொல்லக் கூடாது. என் 'வரப்பு' துணிக்கடை வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் இப்படித்தான் எழுதி அனுப்புகிறேன். இந்த ஆண்களுக்குச் சட்டையும் பேண்ட்டும் வாங்கத் தெரிகிறது, மீதியை யாராவது மண்டையில் தட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ரிசப்ஷனுக்கு உன்னுடையதைப் போலவே அப்பாவுக்கும் ஒரு கோட்டுத் தைக்கிறேன், தோள் அளவு எடுத்து அனுப்பு என்று சொன்னாய். அண்ணியின் அப்பா கோட்டில் நிற்கும்போது நம் அப்பா வேட்டியும் துண்டுமாக நின்றால் யாராவது குறைவாக நினைத்துவிடுவார்களோ என்பது உன் கவலை. பாசத்தில் வந்த கவலைதான், புரிகிறது. ஆனால் நான் அளவு எடுக்கவில்லை, எடுக்கப் போவதும் இல்லை. கோபப்படாமல் மேலே படி.

பொங்கல் கழித்து, கடையில் கோடைக்கு விற்கப்போகும் துண்டுக்குப் படம் எடுத்தோம். தாராசுரத்தில் நெய்து வாங்கியது, வெள்ளையில் மாம்பழ நிறக் கரை. மாடலுக்கு யாரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்னோடு கல்லூரியில் படித்த ஆஷ்லின்தான் இப்போது எனக்குப் படம் எடுத்துத் தருகிறாள். ஒங்கப்பாவ வீட்ல வச்சுக்கிட்டு எவனடி தேடுற என்றாள். அதுவும் நியாயம்தான். அந்த உயரமும் நரைத்த மீசையும் வேறு யாருக்கு வாய்க்கும்? கதிர் முற்றி நிற்கும் நம் வயல் ஓரத்தில் நிற்கவைத்தோம். வெட்கப்பட்டுக்கொண்டே நின்றார்.

துண்டுதான் நிற்கவில்லை. தோளில் போட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் அது அவர் கக்கத்துக்குப் போயிருக்கும். நீயும் பார்த்திருக்கிறாய், வீட்டுக்குள் தோளில் கிடக்கும் துண்டு தெருவில் இறங்கினால் கக்கத்துக்குப் போய்விடும். நான் அதை ஒரு பழக்கம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் பரணிதரன் சார் வண்டியில் வந்தார். நம் தாத்தா பண்ணையாளாக இருந்த வீட்டின் பிள்ளை, பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திரும்பி வந்திருக்கிறார். நல்ல மனிதர், என்னிடம் பெல்ட் கூட வாங்கியிருக்கிறார். வண்டியை நிறுத்தி, என்ன ராஜாங்கம் அண்ணே, சினிமாவுல நடிக்கப் போறீங்களா என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அப்பாவின் கை தானாக மேலே போனது. அடுத்த நொடி துண்டு இடுப்பில் இருந்தது, முதுகும் வளைந்திருந்தது. பரணிதரன் சாருக்கு முகம் செத்துப்போய்விட்டது. வாய்க்காலைப் பார்த்தபடியே, வர்றேன் அண்ணே என்று கிளம்பிவிட்டார்.

ஆஷ்லின் விஷயம் தெரியாமல் அதையும் படம் பிடித்துவிட்டாள். சாயங்காலம் அப்பா அதைக் கேட்டு வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இது எங்கப்பா, நான் இல்லம்மா என்றார். தாத்தா அந்த வீட்டு வாசலில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றதைச் சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அல்லவா? இப்ப யாரு எடுக்கச் சொல்றா, இந்தக் கைக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரல என்று தன் கையையே திட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் கஞ்சி போட்ட சட்டையும் அந்தத் துண்டுமாக வந்து நின்றார். கெளம்பு ராசம்மா, பண்ண வீட்டுக்குப் பத்திரிக வச்சிட்டு வந்துருவோம் என்றார். அம்மா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அங்கே நடந்ததை அம்மாதான் சொன்னாள். கூடத்தில் பரணிதரன் சாரின் அம்மா பிரகதாம்பாள் உட்கார்ந்திருந்தாராம். கண் மங்கிவிட்டது போலிருக்கிறது, யாருப்பா அது என்று கேட்டிருக்கிறார். பக்கிரி மவன் ராஜாங்கம், பையனுக்குக் கல்யாணம் என்று அப்பா சொல்லும்போதே கை தோளுக்கு ஏறிவிட்டது. ஏறிய கை துண்டின் மடிப்பைச் சரிசெய்துவிட்டுத் தாம்பாளத்துக்கு இறங்கியது. பரணிதரன் சார் நாற்காலியை இழுத்துப் போட, இரண்டு பேரும் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். எங் கல்யாணத்துக்குப் பொறவு அன்னிக்கித்தாண்டி அவர மாப்புளயாப் பாத்தேன் என்று சொல்லி அம்மா சிவந்துபோனாள்.

அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டு, உரக்கடை, வங்கி, எங்கே போனாலும் துண்டு தோளில்தான். ஆஷ்லின் மறுபடி வந்து எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆண்களுக்கு எதை எப்படிப் போடுவது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. அண்ணா, இவ்வளவு அழகாக உடுத்திய ஆளை நான் பார்த்ததே இல்லை.

நீ கேட்டால் அப்பா கோட்டுப் போட்டுக்கொள்வார். புள்ள ஆசப்படுறான் என்று ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டார். துண்டை மடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டு மேடையேறிச் சிரித்துக்கொண்டே நிற்பார். அங்கே இருக்கும் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அதனால்தான் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன். ஒரு காலத்தில் பயத்தில் இறக்கிய துண்டு அது. உன் மேல் இருக்கிற பாசத்தில் அதை இன்னொரு தடவை இறக்க வைத்துவிடாதே.

பத்திரமாக வந்து சேர். நீயும் அண்ணியும் நீடூழி வாழ வேண்டும்.

உன் அன்புத் தங்கை,
கனிமொழி