ரயில் ஒரு மனிதனைக் கடக்க

கார்த்திகை 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலைதான் ஒழுகவில்லை. அங்கே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் கருமாதி முடிகிறவரை பள்ளிக்கூடம் கிடையாது. மொட்டைத் தலை. ஈரக்காற்று பட்டால் சில்லென்கிறது.

சாயங்காலம் என் வகுப்புக் காதரும் கோபாலும் வந்தான்கள். காதர் பூந்தமல்லியிலிருந்து கரியில் ஓடுகிற பஸ்ஸில் வருகிறவன், கணக்கில் வகுப்புக்கே முதல். கோபால் மேனாம்பேட்டுக்காரன். விஞ்ஞானத்தில் புலி, மற்றதில் பூனை. யுத்தத்தில் புத்தகம் எங்கே கிடைக்கிறது? காதருடைய ஒன்றுதான் மூன்று பேருக்கும். அன்றன்று வகுப்பில் கொடுத்த கணக்குகளைத் துண்டுத்தாளில் எழுதிவந்து எனக்குச் சொல்லித்தருகிறான்.

இன்று ‘காலமும் வேலையும்’. பத்து ஆட்கள் வெட்டிய கால்வாய். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மூன்று தடவை சொன்னான். நான்காவது தடவை புரிந்ததாகத் தலையாட்டினேன்.

“பொய்யி. இன்னொரு தபா சொல்றேன், கேளு” என்றான்.

கிளம்பும்போது கோபால், “நாளிக்கி வரேன்டா” என்று சொல்லிவிட்டான். காதர் அவன் தலையில் ஒரு குட்டு. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது சாயபு வீட்டுப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது, இவனுக்குத் தெரியவில்லை.

கார்த்திகை 10, புதன்

மழை விட்டு விட்டு. மாட்டுக்கு வைக்கோல் நனைந்துபோச்சு.

மாமா வந்தார். அம்மாவோடு நடையில் பேச்சு. எனக்குக் கேட்கட்டும் என்றே பேசுகிற மாதிரி இருந்தது.

“ரயில்வே லைன் இன்ஸ்பெக்டர் துரை சொல்டாரு. அவுங்கப்பன் எடத்துல புள்ள சேர்லாம், தை மாசம் வரிக்கும் எடம் காலியா கீதுன்னு.”

“அந்த லைன்ல என் புள்ளய உடமாட்டேன்.”

“அப்ப சோத்துக்கு இன்னா பண்ணுவே? சரி, ஒண்ணு சொல்றேன். இந்தப் பரீட்சையில கணக்குல பாஸ் பண்ணட்டும். கடேசி வரிக்கும் நான் படிக்க வெக்கிறேன். பெயிலானா கேங்குல சேரட்டும்.”

நியாயமாகத்தான் பட்டது. போன பரீட்சையில் நான் கணக்கில் பெயில். கேங்கில், தண்டவாளம் பார்க்கிற கூலியாகச் சேர்ந்தால், அப்பா நடந்த அதே லைனில் நான் நடக்க வேண்டும். பயமாக இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். பயமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

போகும்போது மாமா முதுகைத் தடவினார். “அய்துடு நைனா. உள்ளியே வெச்சிக்கினா ஒடம்புக்கு ஆவாது.” சரி என்றேன். அழுகை வரவில்லை. கொள்ளி வைத்த அன்றும் வரவில்லை.

கார்த்திகை 12, வெள்ளி

வெயில் கொஞ்சம். துணி காய்ந்தது. சிம்னி விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை, ஆகவே பகலிலேயே எழுதுகிறேன்.

நேற்று காதர் கொடுத்த தாளில் பயிற்சி ஆறாம் கணக்கிலிருந்து எட்டுக்குத் தாவியது. ஏழு எங்கே என்று கேட்டேன். வாத்தியார் கொடுக்கவில்லை என்றான். எட்டு, ரயில் பிளாட்பாரத்தைக் கடப்பது. ரயிலின் நீளத்தோடு பிளாட்பாரத்தின் நீளத்தையும் கூட்ட வேண்டும். வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான்.

இன்று கோபாலின் முறை. மிதக்கும் விதி. கிணற்றில் வாளியை இறக்கி என்னை இழுக்கச் சொன்னான்.

“தண்ணிக்குள்ள கீற வரிக்கும் லேசா கீதா? இப்ப மேல தூக்கு. கனக்குதா? அவ்ளோதான் மச்சான் விதி. மீதியெல்லாம் வாத்தியார் சும்மா நீட்டுறது.”

புரிந்தது. இந்தப் பத்து நாளில் ஒரு விஷயம் முழுசாகப் புரிந்தது இதுதான். நானும் இப்போது தண்ணீருக்குள் இருக்கிற வாளி மாதிரிதான் போல.

கோபாலுக்கு ஜலதோஷம். எங்கள் வீட்டுக்கு வந்து போகிற ஒவ்வொரு நாளும் அவன் அம்மா கொல்லையிலேயே தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விடுகிறாளாம். வராதே என்றேன். “மூக்குதானே ஒய்வுது, மூளையா ஒய்வுது” என்றான்.

கார்த்திகை 16, செவ்வாய்

கருமாதி. மழை. பந்தி இரண்டு தடவை நனைந்தது. அம்மா வெள்ளைப் புடவையில். பார்க்காமல் இருந்தேன்.

கார்த்திகை 17, புதன்

பள்ளிக்கூடம். மொட்டைக்கு ஒருவனும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

கணக்கு வாத்தியார் பழைய நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். பெயரைக் கூப்பிட்டார். காதர், கோபால். “ஏழாவது கணக்கு எங்கேடா? வகுப்பு முழுக்கப் போட்டிருக்கு, உங்க ரெண்டு பேர் நோட்டில மட்டும் இல்லே. போன வாரமே கேட்டேனே. கோபாலை விடு. காதர், உனக்கு இது தெரியாதா?”

காதர் கையை நீட்டினான். ஆளுக்கு இரண்டு அடி. கோபால் அடிக்கு முன்னாலேயே தும்மினான், அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நான் வீட்டில் போட்டுவந்த நோட்டைப் பிரித்தார். அதிலும் ஏழு இல்லை. என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். பிரம்பை மேஜைமேல் வைத்துவிட்டு, “சரி, எல்லாரும் உக்காருங்கோ” என்றார்.

மத்தியானம் காதரின் புத்தகத்தைக் கேட்காமல் எடுத்துப் பார்த்தேன். ஏழு: மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்லும் 176 கஜ நீளமுள்ள ரயில், பாதையில் நிற்கும் ஒரு மனிதனை எத்தனை விநாடியில் கடக்கும்?

அப்பா அன்று மழையில் லைன் பார்க்கப் போனார். தலையில் கோணிச்சாக்கு. லோக்கல் வருகிறதென்று அடுத்த லைனுக்கு ஒதுங்கினார். அதில் ஆவடிக்குப் போகிற மிலிட்டரி ஸ்பெஷல் வண்டி. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை.

நோட்டைப் பார்த்து நான் கண்டுபிடிக்கக்கூடாது என்று அவன்களும் அதைப் போடாமல் இருந்திருக்கிறான்கள். புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தேன். கோபம் வரவேண்டும் அல்லது நன்றி வரவேண்டும். இரண்டும் வரவில்லை.

கார்த்திகை 18, வியாழன்

தூறல். பள்ளி விட்டதும் காதரைப் பிடித்தேன்.

“ஏழாவது சொல்லிக்குடு.”

“அத்த உட்டுடு மச்சான். மத்தது போட்டாலே பாஸ்தான்.”

“இந்த மாதிரி கட்டாயம் வரும்னு வாத்தியார் சொன்னாரே. சொல்லிக்குடு.”

கோபால் கிளம்பப் பார்த்தான். அவனையும் உட்காரவைத்தேன். காதர் என் முகத்தைப் பார்க்காமல், தாளைப் பார்த்துச் சொன்னான். மைலை அடியாக்கு, மணியை விநாடியாக்கு. விநாடிக்கு 44 அடி. கஜத்தை அடியாக்கு, 528.

நானே போட்டேன். பிளாட்பாரம் மாதிரிதானே இதுவும், கூட்டித்தானே ஆகவேண்டும். ஒன்றரை அடி கூட்டினேன்.

“இது இன்னாடா ஒண்ணரை?”

“ஆளோட அகலம். அப்பாவுக்கு நல்ல தோள்.”

காதர் பென்சிலைக் கீழே வைத்தான். “ஆளுக்கு ஒண்ணும் கூட்டக்கூடாது. ரயிலு நீளம் மட்டும்தான். கணக்குல ஆளு ஒரு புள்ளி” என்றான். சொல்லிவிட்டு அழுதான். கோபாலும். நான் அழவில்லை. 528-ஐ 44-ஆல் வகுத்தேன். 12 விநாடி. சரி.

கார்த்திகை 24, புதன்

கணக்குப் பரீட்சை. காலையில் வானம் வெளுத்து, பிறகு மூடிக்கொண்டது. இங்க் கொஞ்சம் சட்டையில்.

கேள்விகள்: கால்வாய் வந்தது. வட்டி வந்தது. பிளாட்பாரம் வந்தது. எல்லாம் போட்டேன், இரண்டு தடவை சரிபார்த்தேன். பாஸாகிவிடுவேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை.

கடைசியில் அதுவும் வந்தது. எண்கள் வேறு. 132 கஜ ரயில், அதே வேகம், பாதையில் ஒரு மனிதன். 9 விநாடி என்று பார்த்ததுமே தெரிந்தது. எழுதக் கை வரவில்லை. ஒன்றரை அடி கூட்டினேன். தப்பு என்று தெரிந்தே கூட்டினேன். ஒன்பதே மூன்று எண்பத்தெட்டாம் பங்கு என்று வந்தது. அந்தப் பின்னத்தை அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன், அடிக்க மனசு வரவில்லை. அப்பா ஒரு புள்ளி இல்லை. மார்க் போனால் போகட்டும்.

வெளியே மழை. மூவருக்கும் ஒரே குடை, கோபாலுடையது. ரயில்வே கேட்டில் நின்றோம். காதர் விடைகளைக் கேட்டுக்கொண்டே வந்தான். கடைசிக் கணக்குக்கு நான் சொன்னதைக் கேட்டு விரலில் என்னவோ போட்டுப் பார்த்தான். பிறகு கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

ஆவடிப் பக்கம் ஸ்பெஷல் ஒன்று போயிற்று. நீளமான வண்டி. எத்தனை விநாடி என்று எண்ணத் தொடங்கினேன். முடிக்கவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதேன், கேட்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. வண்டி போய் கேட் திறந்த பிறகும் நிற்கவில்லை. அவன்கள் இருவரும் குடையை என் மேல் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றான்கள். எழுந்திரு என்று ஒருவனும் சொல்லவில்லை.

நாளை விஞ்ஞானம்.