மூன்று பெயர்களுக்குப் பிறகு

பட்டாபிராம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஹபீபாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய கிருபையால் நான் மூட்டுவலியோடும் சர்க்கரையோடும் சண்டை சச்சரவில்லாமல் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் கனடாவில் அந்தப் பனிக்குள் சுகமாய் இருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ கார் ஓட்டிக்கொண்டே சாப்பிட்டீங்களா அத்தா என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். எதிர்வீட்டு வெங்கட் உங்கள் ஊருக்கே வேலைக்கு வருகிறான், அவனிடம் பருப்புப்பொடியும் இந்தக் காகிதமும் கொடுத்து அனுப்புகிறேன். பொடியை ஃபிரிட்ஜில் வைக்காதே, கட்டி பிடிக்கும்.

உன் அம்மா மௌத்தாகி ஐந்து மாதம் ஆகிறது. காலையில் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு ரயில் ஏறும் வேலை ஒன்றுமில்லை. சென்ட்ரலுக்குப் போகிற கூட்டத்தில் யாராவது கொஞ்சம் நகருங்க பாய் என்பார்கள், அன்றைக்கு ஒரு மனிதன் என்னோடு பேசிய கணக்கு. வீட்டில் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை மகளே. பூ விற்கும் குப்பம்மாவை உனக்குத் தெரியும், பேரனுக்கு ஓதின தண்ணீர் வாங்க வந்து, அப்படியே வியாழக்கிழமை தோறும் உன் அம்மாவோடு உட்கார ஆரம்பித்தவள். போன வாரம் அவள் வாசலில் நின்று, இன்னா பாய், ஊட்டப் பூட்டிக்கினே கீற, அக்கா போனா வியாயக்கெயமையும் பூட்ச்சா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பெண்களை வரச் சொல் என்றேன். உடனே அடுத்த கேள்வி போட்டாள். அக்கா மனசுக்குள்ளயே சொல்லிக்கினு இருந்த பேரெல்லாம் உனுக்குத் தெரியும்ல, ஒரே ஊட்ல தான இருந்த என்றாள். நான் பூவுக்குச் சில்லறை தேடினேன்.

உனக்கு நினைவிருக்கும், நாம் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது வியாழன் மஃரிபு தொழுகைக்குப் பிறகு பத்துப் பெண்கள் வருவார்கள், யாசீன் ஓதுவார்கள், அல்லாஹ் பெயரைச் சொல்லி திக்ரு செய்வார்கள். கடைசியில் தங்களுக்கு இந்த வழியைக் காட்டிய பெரிய மனுஷிகள் பதினொரு பேரின் பெயரை உன் அம்மா வரிசையாகச் சொல்லி ஒவ்வொருவருக்கும் பாத்திஹா ஓதுவாள். ஊரில் அவளுக்குக் குர்ஆன் கற்றுக்கொடுத்த உஸ்தாத்பீ தந்த வரிசை. எழுதக் கூடாது, காது வழியாகத்தான் போகவேண்டும் என்பது அவர்கள் முறை. கிணற்றடி சுல்தான் பீவி, பிச்சைக்கனி உம்மா, கண் தெரியாத மரியம் பீவி. இந்த மூன்று எனக்கும் தெரியும். நாலாவதுக்குள் குரல்கள் உயர்ந்துவிடும், பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று நான் டிவியில் செய்தியைச் சத்தமாக வைப்பேன். ஒருநாள் என்னோடு வேலை பார்த்தவன் ஒருத்தன், உங்க வீட்டம்மா என்ன பெரிய ஷெய்கா, பொம்பளைக்கு ஏது பாய் குரு வரிசை, சில்சிலா என்று சிரித்தான். அந்த ஆத்திரத்தில் வந்து, வீட்டை தர்காவாக்காதே, அத்தனை பேரை அடுக்கியே ஆகணும்னா மனசுக்குள்ளே அடுக்கு என்று கத்தினேன். உனக்கு அப்போது எட்டு வயது, அவள் மடியில்தான் இருந்தாய். மறுவாரத்திலிருந்து மூன்று பெயரைத்தான் வாய்விட்டுச் சொன்னாள், மீதி எட்டுக்கு உதடு மட்டும் அசையும். முப்பத்திரண்டு வருஷம். முன்பு அந்தப் பெயர்களைக் காதால் கேட்டவர்கள் எல்லாம் புருஷன்மார் ரிட்டயராகி அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள், நான் தேடி விசாரித்த இரண்டு பேரும் மௌத்து. இங்கே வருகிறவர்கள் அந்த எட்டுப் பெயரைக் காதால் கேட்டதே இல்லை.

பள்ளிவாசல் ஹஜரத்திடம் அந்தப் பெயர்களைக் கேட்டுப் போனேன். பாவம், நல்ல மனுஷர், பழைய கிதாபு ஒன்றை எடுத்துப் புரட்டினார். கிணற்றடி சுல்தான் பீவியின் மகனுக்கு அதில் ஒன்றரைப் பக்கம். அந்தம்மா முந்தானைத் தலைப்பை நீட்ட, அதைப் பிடித்து ஆண்களும் சீடர்களாகி பைஅத்து வாங்கினார்கள், மகனுக்கே வழி காட்டியது அவர்தான் என்று உன் அம்மா சொல்வாள். கிதாபில் அன்னாரின் தாயார் என்று இரண்டே வார்த்தை. பெயர்கூட இல்லை. எழுதினவனைத் திட்டத்தான் வாயெடுத்தேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று ஏழு பேர் வந்தார்கள். நான் உள்ளறையில் இருந்தேன். மூன்று பெயர் சொன்னார்கள், நிறுத்திவிட்டார்கள். தெரியாத அந்த எட்டுப் பெயருக்கும் சேர்த்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள், மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பன்னிரண்டாவதாக சபுரா பீவி என்றார்கள். நாற்பத்தொரு வருஷம் நான் அவளை இந்தா என்றுதான் கூப்பிட்டேன். நானும் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், பாதியில் அழுதுவிட்டேன்.

ஹபீபா, அந்த எட்டுப் பெயர் இந்த உலகத்தில் மிச்சமிருந்தால் உன் காதில்தான் இருக்கிறது. வேலையெல்லாம் முடித்து ஒருநாள் தனியாக உட்கார்ந்து யோசி. வரிசை தவறினால் பரவாயில்லை, பாதிப் பெயர் வந்தாலும் எழுது. முறை மீறி எழுதச் சொல்கிற பாவம் என்னோடு போகட்டும். ஒன்றும் வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுது. அத்தா பாவம் என்று நீயாக ஒரு பெயரைச் சேர்த்துவிடாதே, எனக்கு அது தெரியவும் தெரியாது.

குளிரில் காதை மூடிக்கொள். பிள்ளையோடு வீட்டில் தமிழில் பேசு. மாப்பிள்ளைக்கு என் சலாம். அல்லாஹ் உங்கள் மூவரையும் ஈமானோடும் சுகத்தோடும் வைப்பானாக, ஆமீன். பதிலைக் காகிதத்திலேயே அனுப்பு.

இப்படிக்கு,
சபுரா பீவியின் கணவன்,
உன் அத்தா சுலைமான்.