இரண்டு போன்களும் ஓர் அம்புக்குறியும்

மச்சான்,

இன்று காலை என் தங்கை உன் இரண்டு போன்களையும் கொண்டுவந்து, கிடங்கு மாடியில் என் மேசைமேல் வைத்தாள். "அண்ணே, இனி இதை யாரு தட்டிட்டு இருக்கப் போறா? உங்ககிட்டயே இருக்கட்டும்." ஒன்று ஆண்ட்ராய்டு, ஒன்று ஐபோன். இரண்டின் உறைக்குள்ளும் நம் கிடங்கின் மிளகுத் தூசி. முகர்ந்து பார்த்தேன். அவள் எதிரில் அழாமலிருக்க முடியவில்லை.

பள்ளிக்கூட நண்பனாக இருந்து அவளைக் கட்டியவன் நீ. மிளகுக்கும் சுக்குக்கும் ஆர்டர் எடுக்க எனக்கு ஆப் செய்து தந்தாய். கொச்சியில் இந்தக் கொச்சங்காடி கிடங்கின் மாடியில் உட்கார்ந்து, இரண்டு போனுக்கும் திரைகளை வேறுவேறாக வரைந்து காட்டினாய். எனக்கு அது வேண்டாத வேலையாகப் பட்டது. என் ஆண்ட்ராய்டில் திரும்பிப் போகக் கீழேயே பட்டன் இருந்தது. அதனால் ஐபோன் திரையில் திரும்பிப் போக நீ மேலே வரைந்த அம்புக்குறியை எடுக்கச் சொன்னேன்.

"ஐபோன்ல அந்தப் பட்டனே கிடையாது மச்சான். அம்புக்குறி இல்லாட்டா ஆளு உள்ள மாட்டிக்குவாரு."

"கடை ஒண்ணு. அதுக்கு ரெண்டு மூஞ்சி எதுக்குடா? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்!"

நீ சிரித்தாய். "நீ மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரியா சாம்பிள் காட்டுற? ஒருத்தருக்கு உள்ளங்கையில கொட்டித் தேய்க்கக் குடுக்குற, இன்னொருத்தரைக் கடிச்சுப் பாக்கச் சொல்ற. ஆளோட பழக்கம் பாத்துத்தானே?"

மூட்டை தூக்கி மேலே வந்தவன் நான். பேச்சில் தோற்கப் போகிறேன் என்றால் குரலை உயர்த்துவேன். உயர்த்தினேன். நீ அம்புக்குறியை எடுத்துவிட்டாய்.

எர்ணாகுளத்து ஹோட்டல்காரர் ஒருவர் ஐபோனில் தவறிச் சுக்கைத் தொட்டார். திரும்பிப் போக வழியில்லை. அங்கே இருந்த ஒரே பட்டனான 'உறுதி செய்'யை அழுத்திவிட்டார். மிளகு வேண்டியவருக்குச் சுக்கு போனது. வண்டி திரும்பி வந்தது, அவரும் கூடவே வந்தார். அவர் முன்னால், சுமைக்காரர்கள் முன்னால் உன்னிடம் கத்தினேன்: "ஒரு அம்புக்குறி வைக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு டிசைனர்!"

'நீதானே எடுக்கச் சொன்னாய்' என்று நீ சொல்லவில்லை. "சரி பண்ணிடறேன் மச்சான்" என்றாய், செய்தாய். அதற்குப் பிறகு மாடிக்கு வருவது குறைந்தது. திருப்பூணித்துறை வீட்டிலிருந்தே போனில் பேசி முடித்துக்கொண்டாய்.

அதே ஆட்கள் முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சீசன் முடியட்டும், பெருநாள் கழியட்டும் என்று நாள் போனது. சரக்கில் ஈரம் இருந்தால் முகத்துக்கு நேரே சொல்கிறவன், இதை மட்டும் தள்ளிப்போட்டேன். நெஞ்சுவலி ஒரே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

தங்கை போனதும் கீழே இறங்கிச் சுமைக்காரர்களிடம் சொன்னேன், அன்றைய தப்பு என்னுடையது என்று. மூத்த சேட்டன் மூட்டையை இறக்கி வைத்தார். "அது அன்னிக்கே தெரியும் மொதலாளி. 'ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்'னு நீங்க போட்ட சத்தம் இங்க வரைக்கும் கேட்டதல்லே?"

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது மச்சான். நான் சொல்லிக் கேட்க வேண்டியவன் நீ ஒருவன்தான்.

நாளை அந்த ஹோட்டல்காரரிடமும் நேரில் போகிறேன். உன் போன்கள் இப்போது என் சட்டைப் பையில் கனக்கின்றன. இனி ஆப்பில் எது மாறினாலும், நீ செய்தது போல இரண்டிலும் தட்டிப் பார்ப்பது என் வேலை. ஐபோனில் அம்புக்குறி நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதை எடுக்க யாரையும் விடமாட்டேன்.