மூன்று கோடு

என் பொம்மிக்கு,

நீ என் விரலைப் பிடித்து மண்ணில் எழுதவைத்த எழுத்தெல்லாம் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது. கையால் செய்தால்தான் எனக்கு எதுவும் ஏறும். காதால் கேட்டால் ஏறாது. படித்தவர் யாராவது சொன்னால் புரியாமலே தலையாட்டிவிடுவேன். "இன்னாம்மா, பூம்பூம் மாடாட்டம்" என்று நீ சிரிப்பாய்.

உன் காய்ச்சலுக்குச் செஞ்சியிலிருந்து சைக்கிளில் வந்த கம்பவுண்டர், மருந்து பாட்டிலில் அளவுக்காக ஒட்டியிருந்த காகிதத்தின் கோடுகளைக் காட்டினார். "வேளைக்கு ஒரு கோடு, மூணு வேளை. ஒண்ணா குடுத்துடாதம்மா, புரிஞ்சிதா?" இப்போது அத்தனையும் காதில் கேட்கிறது. அன்றைக்குத் தலையாட்டினேன்.

அவர் போனபின் மூன்று கோடு என்பதுதான் நினைவில் நின்றது. தெருமுனை தாண்டுவதற்குள் ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். வெட்கப்பட்டேன். மூன்றையும் ஒரே டம்ளரில் ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் நீ இல்லை.

காய்ச்சல் கொண்டுபோய்விட்டது என்று உன் நைனா அழுகிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

கம்பவுண்டர் பேசியபோது நீயும் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாய். எல்லாம் கேட்டிருப்பாய். அப்புறமும் நான் டம்ளரை நீட்டியதும் ஏன் கண்ணே வாயைத் திறந்தாய்?

உன் அம்மா